உழைப்பைக் காக்கும் ஒயில்: முச்சக்கரவண்டியின் கியர் ஒயிலைத் தெரிவு செய்தலும் மாற்றுதலும்

தோட்டத்தையும் வயலையும் மாடு கன்றையும் விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று முச்சக்கரவண்டிதான் சீவனோபாயம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர், முப்பது வருடங்களுக்கு மேலாகியும் தமது செம்மண் காணிக்குத் திரும்ப முடியாமல் இருக்கின்றனர். 2009 இன் பின் வன்னியில் மீளக்குடியேறியவர்களிலும், காணி கிடைத்தும் கிணறோ வேலியோ விதைக்கப் பணமோ இல்லாமல் நின்றவர்கள் பலர். இப்படிப்பட்ட வீடுகளில் நகையை அடகு வைத்தோ, லீசிங் எடுத்தோ, வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பணத்திலோ ஓர் ஓட்டோ வாங்கப்படுகிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது, சந்தைக்கு மரக்கறி மூட்டை கொண்டு போவது, இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வது என்று அது நாள் முழுவதும் ஓடுகிறது.

ஆகவே அந்த வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது. வண்டியை நிறுத்தி வைக்கும் கோளாறுகளில் செலவு கூடியவற்றுள் ஒன்று கியர்பெட்டிக் கோளாறு. பெட்டியைப் பிரித்தால் பல்லுச்சில்லு, பெயாரிங், ஒயில் சீல், கூலி என்று செலவு ஏறும். ஓடாத நாட்களின் வருமானமும் போகும். இவற்றில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு போத்தல் ஒயிலின் விலையால் தவிர்க்கலாம். அந்த ஒயிலை எப்படித் தெரிவு செய்வது, எப்போது, எப்படி மாற்றுவது என்பதையே இக்கட்டுரை சொல்கிறது.

பெட்டிக்குள் நடப்பது

வண்டில் கட்டி ஓடிய காலத்தில் அச்சுக்கு மசகு போடாமல் யாரும் தூரப் பயணம் போனதில்லை. போடாவிட்டால் அச்சு கீச்சிடும், சூடேறும், தேயும். கியர்பெட்டியிலும் அதேதான் நடக்கிறது. ஆனால் அது மூடிய பெட்டிக்குள் நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

எஞ்சினின் வேகத்தையும் வலுவையும் பின் சில்லுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது கியர்பெட்டி. அதன் பல்லுகள் ஒன்றையொன்று அழுத்தியபடி சுழல்கின்றன. அவற்றுக்கிடையே மெல்லிய படலமாக நிற்பது ஒயில். அந்தப் படலம் இருக்கும் வரை இரும்பும் இரும்பும் நேரே உரசுவதில்லை. உராய்வால் வரும் சூட்டை வாங்கிப் பெட்டியின் சுவருக்குக் கொண்டு செல்வதும், தேய்ந்து விழும் துகள்களைப் பெட்டியின் அடிக்குக் கொண்டு போவதும், உள்ளே துருப்பிடிக்காமல் காப்பதும் அதே ஒயில்தான்.

நாட்செல்ல ஒயிலின் தடிப்பு மாறுகிறது. அதில் கலந்திருக்கும் காப்புப் பொருட்கள் தீர்ந்து போகின்றன. துகளும் ஈரமும் சேர்கின்றன. அளவு குறையாமல் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யாத நிலைக்கு வந்துவிடுகிறது. உரச்சத்துப் போன மண்ணைப் பார்த்தவுடன் அறியும் விவசாயிக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

முதலில் அறிய வேண்டியது: உங்கள் வண்டி எந்த வகை?

எமது வீதிகளில் ஓடும் முச்சக்கரவண்டிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. இவ்வகையின் இறக்குமதி 2008 இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் அதற்கு முன் வந்தவை கிராமங்களில் இன்னும் ஓடுகின்றன. இதில் பெற்றோலுடன் ரூ.ரி. ஒயில் கலக்கப்படுகிறது. அந்த ஒயில் எஞ்சினுக்குள் சென்று பிஸ்ரனை நனைத்துப் பெற்றோலுடன் எரிந்து புகையாகப் போய்விடும். கியர்பெட்டிக்கு ஒரு துளியும் போவதில்லை. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் ஒவ்வொரு நாளும் ஒயில் விடுகிறேன்’ என்று நம்பி, வருடக்கணக்காகக் கியர் ஒயிலைத் திரும்பிப் பாராத சாரதிகள் உண்டு. இவ்வகையில் கியர்பெட்டிக்குத் தனி ஒயில் வேண்டும். கிளச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் நனைந்திருக்கும்.

இரண்டாவது, நான்கு ஸ்ட்ரோக் பெற்றோல் வண்டி. இதில் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும். சில மாதிரிகளில் அதே ஒயில் கிளச்சுக்கும் கியருக்கும் போகும். வேறு சிலவற்றில் எஞ்சினுக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று என இரண்டு ஒயில் அறைகள், இரண்டு வடிக்கும் நட்டுகள். இரண்டு அறையுள்ள வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ‘ஒயில் மாற்றியாயிற்று’ என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. உங்கள் வண்டிக்கு எத்தனை நட்டுகள் என்பதைக் கைநூலில் பாருங்கள். கைநூல் இல்லையானால், அதே மாதிரி வண்டி வைத்திருப்பவரிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, டீசல் வண்டி. பாரம் ஏற்றும் பெட்டி வைத்த முச்சக்கரவண்டிகள் பல இவ்வகை. இவற்றில் எஞ்சின் ஒயில் வேறு, கியர்பெட்டி ஒயில் வேறு. கியர்பெட்டிக்கு 80 டபிள்யூ 90 போன்ற தனிக் கியர் ஒயில் பல மாதிரிகளுக்குக் குறிக்கப்படுகிறது.

போத்தலிலுள்ள எண்களை வாசிப்போம்

கடையில் சேர்வோ, கல்டெக்ஸ், காஸ்ட்ரோல் என்று பல பெயர்கள் இருக்கும். பெயரைவிட முக்கியமானவை போத்தலிலுள்ள எண்களும் எழுத்துகளும்.

எஸ்.ஏ.ஈ. என்பதற்குப் பின் வரும் எண், ஒயிலின் தடிப்பைக் குறிக்கும். தேன் மெதுவாக வழியும், தண்ணீர் விரைவாக ஓடும். அந்த வேறுபாடே தடிப்பு. எண் கூடினால் தடிப்புக் கூடும். 20 டபிள்யூ 50 என்று இரண்டு எண்கள் இருந்தால், டபிள்யூவுக்கு முன்னுள்ளது குளிரிலே ஒயில் எப்படி இருக்கும் என்பதையும், பின்னுள்ளது வண்டி சூடேறிய பின் எப்படி இருக்கும் என்பதையும் சொல்கின்றன. எமது வெயிலில் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் ஒயிலின் எண்ணும் கியர் ஒயிலின் எண்ணும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை. கியர் ஒயிலின் 90, எஞ்சின் ஒயிலின் 40 அல்லது 50 இன் தடிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். 16 பெரிய எண் என்பதற்காகக் காணி பெரிதாகிவிடுமா? அதுபோலத்தான் இதுவும். ‘50 ஐ விட 90 தடிப்பு, ஆகவே பல்லுக்கு நல்லது’ என்று கடையில் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

கியர் ஒயில் போத்தலில் ஜீ.எல். 4, ஜீ.எல். 5 என்ற குறிகளும் இருக்கும். இவை தடிப்பைச் சொல்வதில்லை. கடும் அழுத்தத்தில் பல்லுகளைக் காக்கும் கந்தக, பொசுபரசுக் கலவைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதோடு தொடர்புடையவை. ஜீ.எல். 5 இல் அவை கூடுதலாக உண்டு. கூடுதல் என்பதால் எல்லா வண்டிக்கும் சிறந்தது என்று ஆகாது. பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள சில பெட்டிகளுக்கு அது ஒத்துவராமல் போகலாம். கைநூல் 4 என்றால் 4, 5 என்றால் 5.

கிளச் நனையும் பெட்டிக்குக் கவனம் கூட வேண்டும்

கிளச் தட்டுகள் ஒயிலில் நனைந்தபடி வேலை செய்யும் பெட்டிக்கு ஒயில் தெரிவு செய்யும்போது இரண்டு தேவைகளை நினைக்க வேண்டும். பல்லுகள் வழுக்கிச் சுழல வேண்டும். ஆனால் கிளச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும். உராய்வை மிகவும் குறைக்கும் கலவைகள் சேர்த்த கார் எஞ்சின் ஒயிலை இங்கே விட்டால் கிளச் வழுக்கலாம். கைநூலில் சொல்லாத கடும் அழுத்தக் கியர் ஒயிலை விட்டாலும் தட்டின் பற்றும் தன்மை கெடலாம். எஞ்சின் இரைந்தும் வண்டி இழுக்காது. பெற்றோல் வீணாகும். கடைசியில் கிளச் தட்டு மாற்ற வேண்டி வரும்.

நனைந்த கிளச்சுக்கு ஏற்ற ஒயிலை அறிய ஒரு குறி உதவும். மோட்டார் சைக்கிள் ஒயில்களுக்காக ஜப்பானில் 1998 இல் வகுக்கப்பட்ட ஜாசோ தரத்தில் எம்.ஏ. என்பது நனைந்த கிளச்சுக்கு ஏற்றது. எம்.பி. என்பது உராய்வு குறைந்தது, அதற்கு ஏற்றதல்ல. உங்கள் கைநூல் 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 போன்ற எஞ்சின் ஒயிலைக் கியர்பெட்டிக்குச் சொன்னால், போத்தலில் எம்.ஏ. என்ற குறியைத் தேடுங்கள்.

கராஜில் இதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மரியாதையாகக் கேட்டால் நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார்.

“அண்ணை, எந்த ஒயில் விடப் போறியள்? போத்திலை ஒருக்காக் காட்டுங்கோ.”

“எல்லா ஓட்டோவுக்கும் இதுதான் தம்பி விடுறனாங்கள்.”

“இல்லையண்ணை, என்ரை வண்டியின்ரை புத்தகத்திலை 20 டபிள்யூ 50 எண்டு கிடக்கு. அதோடை ஒருக்காப் பாத்திட்டு விடுங்கோ.”

இவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம் செல்லும். அந்த ஒரு நிமிடம் ஒரு கிளச்சைக் காப்பாற்றலாம். பீப்பாவிலிருந்து அளந்து விடும் ஒயிலில் எண்ணைப் பார்க்க முடியாது. ஆகவே சீல் உடையாத போத்தலை வாங்கி, உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். வெறும் போத்தலின் கழுத்தை நசித்து எறிந்தால் வேறு யாரும் அதில் கழிவொயிலை நிரப்பி விற்க முடியாது.

எப்போது மாற்றுவது?

புதிய வண்டியில் முதல் மாற்றம் விரைவில் வரும். புதிய பல்லுகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது இரும்புத் துகள் கூடுதலாக விழும் என்பதால், முதல் சேர்விஸ் நாளைத் தவறவிடக் கூடாது. அதன் பின் கைநூலில் சொன்ன கிலோமீற்றர் கணக்கு. பாரம் கூட ஏற்றும் வண்டி, மணல் ஒழுங்கையிலும் கிரவல் வீதியிலும் ஓடும் வண்டி, மழைகாலத்தில் தண்ணீருக்குள் இறங்கும் வண்டி ஆகியவற்றுக்கு அதற்கு முன்னரே மாற்றுவது நல்லது.

மீற்றர் கேபிள் அறுந்த வண்டிகள் எம்மிடம் பல உண்டு. அதற்கும் வழி உண்டு. ஒரு நாளில் சராசரியாக 60 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், மாதத்தில் 25 நாட்கள் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,500 கிலோமீற்றர். கைநூல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்று சொன்னால் ஏறக்குறைய ஆறரை மாதத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். பாரமும் புழுதியும் இருந்தால் ஐந்தாம் மாதத்திலேயே மாற்றுங்கள். வீட்டில் கணக்கு எழுதும் மனைவியிடமோ மகளிடமோ ஒரு கொப்பியைக் கொடுத்து, மாற்றிய திகதி, மீற்றர் எண், ஒயிலின் பெயரும் எண்ணும், விலை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தக் கொப்பிக்கும் ஒரு மதிப்பு உண்டு.

வண்டியை வேறொருவருக்கு நாள் வாடகைக்குக் கொடுக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. கணவனை இழந்த பெண்கள் பலர் இப்படித்தான் வருமானம் பெறுகின்றனர். ஓட்டுபவர் பெற்றோலைப் பார்ப்பார், கியர் ஒயிலை நினைக்க மாட்டார். வண்டியைக் கொடுக்கும்போதே ஒயில் மாற்றும் நாளையும், செலவு யாருடையது என்பதையும் பேசி எழுதி வைப்பது பின்னர் மனஸ்தாபம் வராமல் காக்கும்.

மாற்றும் முறை

இதை வீட்டிலேயே செய்யலாம். பொருத்தமான ஸ்பனர், பழைய பேசின் ஒன்று, புனல், பழந்துணி, புதிய வாஷர், சரியான அளவு ஒயில் ஆகியவை வேண்டும். எத்தனை மில்லிலீற்றர் என்பதைக் கைநூலில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

1. வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். சூடான ஒயில் துகள்களையும் சேர்த்துக்கொண்டு நன்றாக வடியும். கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருந்தால் சற்றுப் பொறுங்கள்.

2. சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கல்லடுக்கின் மேல் வண்டியை உயர்த்தி அதன் கீழே படுக்கக் கூடாது.

3. முதலில் ஒயில் விடும் மேல் நட்டைக் கழற்றுங்கள். அது இறுகிக் கழராமல் இருந்தால், வடிப்பதற்கு முன்னரே தெரிந்துவிடும். கீழ் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்த பின் மேல் நட்டுக் கழராவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

4. பேசினை வைத்துக் கீழ் நட்டைக் கழற்றி, கால் மணித்தியாலம் வடிய விடுங்கள்.

5. நட்டையும் அது இருக்கும் இடத்தையும் துடைத்து, புதிய வாஷர் போட்டுக் கையால் சுழற்றிப் பொருத்துங்கள். பிறகு ஸ்பனரால் இறுக்குங்கள். ஸ்பனருக்குக் குழாய் போட்டு நீட்டி இறுக்க வேண்டாம். பெட்டி அலுமினியம். அதன் புரி கழன்றால் புதிய நட்டினால் மட்டும் சரிவராது.

6. புனலால் புதிய ஒயிலை மெதுவாக விடுங்கள். அளவு பார்க்கும் கோல் இருந்தால் மேல் கோடு வரை, அளவுத் துளை இருந்தால் அதன் வழியே கசியத் தொடங்கும் வரை. கோலை வைத்துப் பார்க்கும் முறை, அதாவது திருகியா திருகாமலா என்பது, மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கைநூலில் பாருங்கள்.

7. எஞ்சினை இயக்கி, சிறிது தூரம் எல்லாக் கியரிலும் ஓட்டி வந்து, சற்றுப் பொறுத்து அளவை மீண்டும் பாருங்கள். மறுநாட் காலை, வண்டி நின்ற இடத்தில் ஒயில் பொட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவுக்கு மேல் விடுவதும் நல்லதல்ல. கூடிப்போன ஒயில் நுரைத்து, சூடேறி, சீல்களால் வெளியேறும். பின் சில்லுப் பக்கம் கசிந்து பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் இந்தக் கசிவை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வடித்த ஒயில் சொல்லும் செய்தி

வடித்த ஒயிலைப் பேசினிலேயே வெளிச்சத்தில் பாருங்கள். கருமையாக இருப்பது வழமை. நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் களிபோல் மெல்லிய பசை ஒட்டியிருப்பதும் வழமை. கையில் குத்தும் இரும்புச் சிராய், உடைந்த பல்லுத் துண்டு, பெயாரிங் உடைந்த துண்டு ஆகியவை இருந்தால், புதிய ஒயில் விட்டு ஓடிப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் அந்தத் துண்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். அன்றே செய்தால் சின்ன வேலையாக முடியலாம்.

ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு வந்த கேடு இது. வெள்ளத்தில் நின்ற வண்டியை, வற்றியதும் இயக்கிப் பார்க்கத்தான் மனம் வரும். இயக்க வேண்டாம். முதலில் ஒயிலை வடியுங்கள். புதிய ஒயில் விட்டு சிறிது தூரம் ஓட்டி, அதையும் வடித்துப் பாருங்கள். பால் நிறம் இன்னும் இருந்தால் மறுபடியும் செய்யுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்குமானால் அதை முதலில் மெக்கானிக் பார்க்க வேண்டும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ விட்டுப் பெட்டியைக் கழுவுவது தவறு. மூலைகளில் நின்றுவிடும் மண்ணெண்ணெய் புதிய ஒயிலையும் நீர்த்துப் போகச் செய்யும். பெற்றோலால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

கியர் இறுக்கமாக விழுவதெல்லாம் ஒயிலின் குற்றமல்ல. கைப்பிடியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கியர் கேபிளும் கிளச் கேபிளும் தளர்ந்தோ இறுகியோ இருந்தாலும் அப்படி வரும். கேபிளைச் சரிசெய்த பின்னும் தீராவிட்டால் ஒயிலைப் பாருங்கள். ஓடும்போது பெட்டியிலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் முதலில் அளவைப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை மிகவும் ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய போதும், குறைந்த வருமானமுள்ள குடும்பம் பழைய வண்டியையே தேடுகிறது. தேய்ந்த கியர்பெட்டியின் சத்தத்தை மறைக்க மிகத் தடித்த ஒயிலை விட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். மரத்தூள் போட்டுச் சத்தத்தை அடக்குவதும் பழைய தந்திரம். ஆகவே பணம் கொடுக்க முன், விற்பவரின் சம்மதத்துடன் கியர் ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். தூளோ, சிராயோ, பால் நிறமோ இருந்தால் விலையைப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கிய பின்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். தடித்த ஒயில் சூட்டில் இளகியதும் மறைந்திருந்த சத்தம் வெளிவரும். வாங்கிய வாரத்திலேயே எல்லா ஒயிலையும் மாற்றுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்குத் தொடங்குகிறது.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய சமூகம் எமது சமூகம். கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்த அந்தத் திறமை பல உயிர்களைக் காத்தது. 2022 இன் நெருக்கடியிலும் எரிபொருள் வரிசையில் நின்றபடி பலர் அப்படியே சமாளித்தனர். ஆனால் இல்லாத காலத்துச் சமாளிப்பை, இருக்கும் காலத்தின் வழக்கமாக்கக் கூடாது. எஞ்சினிலிருந்து வடித்த ஒயிலைத் துணியால் வடிகட்டிக் கியர்பெட்டிக்கு விடுவது அப்படியான ஒரு பழக்கம். துணி பெரிய அழுக்கை மட்டுமே பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத துகளும் அமிலமும் அப்படியே இருக்கும். தேய்ந்த காப்புப் பொருளும் திரும்பி வராது. தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களும் சூட்டில் கெட்டுப் பிசினாகும்.

அவசரத்துக்கு வழியில் ஒயில் குறைந்தால், அதே எண்ணுள்ள வேறு பெயர் ஒயிலை விட்டு வீடு வந்து சேரலாம். பிறகு முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

கழிவொயிலும் எமது கிணறும்

ஒயில் மாற்றும் வேலை, பழைய ஒயிலைப் பத்திரமாக வைத்த பின்னரே முடிகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்த அந்தக் கல்லின் வழியாக, நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேரும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணற்று நீரில் கலந்தது தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தோட்டம் செய்த அந்த மண்ணில், சொந்தக் கிணற்று நீரைக் குடிக்கப் பயந்து, பவுசரில் வந்த தண்ணீரை நம்பி இருந்தவர்களின் அனுபவம் எல்லோருக்கும் பாடம். ஒரு முகாமிலோ குடியேற்றத்திலோ இருபது ஓட்டோக்கள் இருந்து, ஒவ்வொருவரும் வேலியடியில் ஊற்றினால், எமது கிணற்றுக்கு நாமே அதைச் செய்தவர்களாவோம்.

பழைய ஒயிலைத் தண்ணீர் கலக்காமல் மூடியுள்ள கானில் சேர்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவொயில் சேகரிக்கும் கராஜிடம் கொடுங்கள். கராஜ் எடுக்காவிட்டால் பிரதேச சபையிடம் கேளுங்கள். கறையானுக்கென்று கிணற்றருகே உள்ள கட்டைக்குப் பூசுவது, மாட்டின் உண்ணிக்கும் புண்ணுக்கும் தடவுவது, அடுப்பில் எரிப்பது ஆகியவை வேண்டாம். அதில் தேய்ந்த உலோகங்களும் உடலுக்குத் தீங்கான பொருட்களும் உண்டு. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

சேர்ந்து செய்யக்கூடியவை

ஒரு தரிப்பிடத்தில் நிற்கும் சாரதிகள் பத்துப்பேர் சேர்ந்தால் பல வேலைகள் இலகுவாகும். ஒரே எண் ஒயிலைப் பெட்டியாக வாங்கினால் விலை குறையும். ஸ்பனர், புனல், பேசின் ஆகியவற்றைப் பொதுவில் வைக்கலாம். கழிவொயிலுக்கு ஒரு பீப்பா வைத்தால் சேகரிப்பவரும் தேடி வருவார். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் மூத்த சாரதி ஒருவர் இளம்பிள்ளைகளுக்கு ஒயில் மாற்றிக் காட்டலாம். வண்டி ஓட்டப் பழகும் பெண்களையும் அதற்கு அழையுங்கள். நீரிறைக்கும் இயந்திரத்தையும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டிய கைகள் எம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு இது புதிய வித்தையல்ல.

இந்த வாரத்துக்கு மூன்று வேலைகள் போதும். உங்கள் வண்டிக்கு எத்தனை ஒயில் அறைகள் என்று அறிந்துகொள்ளுங்கள். கைநூலில் சொன்ன எண்ணையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி வண்டிக்குள் ஒட்டுங்கள். கடைசியாகக் கியர் ஒயில் மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். அந்தத் திகதி ஞாபகத்தில் இல்லையென்றால், மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.